தொகுப்பின் தலைப்பு மறந்தால் தொகுப்பே மறக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வுக் காலம் நெருங்கினால் மாணவர் பக்கங்களில் நினைவாற்றல் குறிப்புகள் வரத் தொடங்கிவிடும். 'தொடர்புள்ள சொற்களை ஒன்றாகத் தொகுத்துப் படியுங்கள்' என்பது அவற்றில் தவறாமல் இடம்பெறும். அறிவுரை சரிதான். எழுபது ஆண்டுக்கும் மேலான ஆய்வு அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் அந்த ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்வதால் பலர் பயனில்லாத வேலையைத் தொகுப்பு என்று நினைத்துச் செய்கிறார்கள். சில இடங்களில் தொகுப்பதே நினைவைக் குழப்பிவிடுகிறது. நினைவு பற்றிய சோதனை உளவியலைக் கற்பிக்கிறவர்கள் என்ற முறையில், அந்த வரியில் விடுபட்டதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

1953இல் பௌஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 60 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். விலங்குகள், ஆட்பெயர்கள், தொழில்கள், காய்கறிகள் என்று நான்கு வகை; வகைக்கு 15 சொற்கள். எல்லாவற்றையும் தாறுமாறாகக் கலந்து ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, நினைவுக்கு வருவதை வருகிற வரிசையிலேயே எழுதச் சொன்னார். எழுதியவர்களின் தாளில் விலங்குகள் கூட்டமாக வந்தன, பிறகு தொழில்கள் கூட்டமாக வந்தன. தொகுக்கும்படி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. கலைத்துக் கொடுத்ததை மனம் தானே அடுக்கித் திருப்பித் தந்தது. இந்தத் துறையின் தொடக்கம் இது.

மனம் ஏன் அடுக்குகிறது என்பதுதான் மாணவர்களுக்குப் பயன்படும் கேள்வி. எண்டல் டல்விங், பேர்ல்ஸ்டோன் இருவரும் 1966இல் வெளியிட்ட சோதனை இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. வகைவகையான சொற்பட்டியலைப் படித்தவர்களில் ஒரு பாதியினருக்கு நினைவுகூரும்போது வெற்றுத்தாள் தரப்பட்டது. மறுபாதியினருக்கு வகைப்பெயர்கள் அச்சிட்ட தாள். வகைப்பெயர் கையில் இருந்தவர்கள் அதிகச் சொற்களை எழுதினார்கள். அது எதிர்பார்த்ததுதான். அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு வகை நினைவுக்கு வந்துவிட்டால், அதிலிருந்து எழுதிய சொற்களின் எண்ணிக்கை இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒன்றே. வெற்றுத்தாள்காரர்கள் இழந்தது முழு வகைகளை. வகையின் பெயர் நினைவுக்கு வராததால் அதன் கீழ் இருந்த அத்தனை சொற்களும் மொத்தமாகப் போயின. பிறகு அவர்களிடமும் வகைப்பெயர்களைக் கொடுத்தபோது, மறந்துபோயின என்று நினைத்த சொற்கள் திரும்ப வந்தன.

ஆகவே தொகுப்பு உதவுவது பெரும்பாலும் திரும்ப எடுக்கும் நேரத்தில். சொற்கள் உள்ளே இருக்கின்றன. அவற்றை அடையும் வழிதான் தலைப்பு. நடைமுறையில் இதன் பொருள், தொகுத்துப் படிக்கிறவர் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது தலைப்புகளை, அதிலும் அவற்றின் எண்ணிக்கையை. 'மொத்தம் ஆறு தலைப்பு' என்று தெரிந்தவருக்கு ஐந்தை எழுதி முடித்ததும் ஒன்று குறைகிறது என்று தெரியும், தேடுவார். எண்ணிக்கை தெரியாதவர் ஐந்தோடு எழுந்துவிடுவார். மாணவர்கள் இதைச் செய்வதே இல்லை. தலைப்பைப் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடிட்டுவிட்டு, அதன் கீழ் உள்ள சொற்களை மட்டும் பத்து முறை சொல்லிப் பார்க்கிறார்கள். தேர்வு அறையில் தலைப்பை எழுதித் தர யாரும் இருக்கமாட்டார்கள்.

அடுத்து, எது தொகுப்பு என்ற கேள்வி. கோர்டன் பவரும் உடன் ஆய்வாளர்களும் 1969இல் செய்த சோதனையை இங்கே கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். 112 சொற்களை நான்கு கிளைப்படங்களாக அமைத்தார்கள். ஒன்றின் உச்சியில் 'கனிமங்கள்'. அதன் கீழ் இரு கிளைகள்: உலோகங்கள், கற்கள். உலோகங்களின் கீழ் அரியவை, பொதுவானவை, கலப்பு உலோகங்கள். கற்களின் கீழ் விலையுயர்ந்தவை, கட்டடக் கற்கள். அதற்கும் கீழே பிளாட்டினம், வெள்ளி, தங்கம் ஒரு கொத்து. அலுமினியம், செம்பு, ஈயம், இரும்பு ஒரு கொத்து. வெண்கலம், எஃகு, பித்தளை ஒரு கொத்து. இன்னொரு குழுவுக்கும் அதே சொற்கள், அதே வடிவக் கிளைப்படங்கள். ஆனால் எந்தச் சொல் எங்கே என்பது குலுக்கிப் போட்டது. முதல் முறை பார்த்து எழுதியபோது பொருளோடு அடுக்கப்பட்டதைக் கண்டவர்கள் சராசரியாக 73 சொற்கள் எழுதினார்கள். குலுக்கிய படத்தைக் கண்டவர்கள் சுமார் 21. மூன்றாம் முறையில் முதல் குழு 112ஐயும் எழுதிவிட்டது. மற்றவர்கள் அப்போது 53ஐத்தான் எட்டியிருந்தார்கள்.

இரு குழுவும் பார்த்த படத்தின் வடிவம் ஒன்றே. அம்புக்குறி, கட்டம், கிளை எல்லாம் இருவருக்கும் இருந்தன. இப்போது பரவலாக விற்கப்படும் வண்ண வண்ண 'மைண்ட் மேப்' பயிற்சிகளைப் பார்க்கும்போது இந்தச் சோதனைதான் எங்களுக்கு நினைவுக்கு வரும். படத்தின் அழகு சொற்களைத் திருப்பித் தராது. மேலே உள்ள சொல்லைப் பார்த்தால் கீழே என்னென்ன இருக்க முடியும் என்று ஊகிக்கக் கூடியதாக இருந்தால்தான் படம் வேலை செய்யும். அகர வரிசைப்படி அடுக்குவது, எழுத்தின் நீளப்படி அடுக்குவது, பச்சை மையில் ஐந்து, சிவப்பு மையில் ஐந்து என்று எழுதுவது ஆகியவை கண்ணுக்குத் தொகுப்பாகத் தெரியும். 'பச்சையில் எழுதியவை எவை?' என்று கேட்டுக்கொண்டால் ஒரு சொல்லும் வராது.

இதை நம் பழைய நிகண்டுக்காரர்கள் அறிந்தே வைத்திருந்தார்கள். மனப்பாடத்துக்கென்று செய்யப்பட்ட நூல்கள் அவை. தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர் என்று பொருள்வழித் தொகுதிகளாகவே போகும். பல பொருள் தரும் ஒரு சொல்லைப் பொருளால் தொகுக்க முடியாத இடத்தில், சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி எதுகைக்கு மாறிவிடுகிறது. பொருள் கைகொடுக்காதபோது ஓசை. அந்த வரிசையில் முன்னுரிமை எதற்கு என்பது தெளிவு.

தொகுப்பின் அளவுக்கு வருவோம். ஒரு தலைப்பின் கீழ் நான்கிலிருந்து ஆறு சொற்கள் வரை வசதியாக நிற்கும். இருபது சொற்களை ஒரே தலைப்பில் அடைத்தால் அந்தத் தலைப்பு இருபது திசையில் இழுக்கும். எந்தச் சொல்லையும் உறுதியாகத் தராது. அப்படிப் பெருத்த தொகுப்பை உடைத்து நடுவில் ஒரு நிலையைச் சேர்க்க வேண்டும். 'பறவைகள்' என்ற தலைப்பில் 18 சொற்கள் இருந்தால் நீர்ப்பறவைகள், இரைகொல்லிகள், வீட்டுப் பறவைகள், இரவுப் பறவைகள் என்று நான்காகப் பிரிக்கலாம். எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். இரண்டிரண்டு சொற்களுக்கு ஒரு தலைப்பு என்று 30 சொற்களுக்கு 15 தலைப்பு வைத்தால், தலைப்புகளே ஒரு தனிப் பட்டியலாகி மனப்பாடச் சுமையைக் கூட்டிவிடும். 30 சொற்களுக்கு ஐந்தாறு தலைப்பு போதும்.

தலைப்பு யாருடையதாக இருக்க வேண்டும்? முடிந்தவரை படிக்கிறவருடையதாக. ஜார்ஜ் மாண்ட்லர் 1967இல் வெளியிட்ட சோதனைகளில் 52 சொற்களைத் தனித்தனிச் சீட்டுகளில் கொடுத்து, அவரவர் விருப்பப்படி இரண்டு முதல் ஏழு பிரிவுகளாகப் பிரிக்கச் சொன்னார். பிரித்த சீட்டுகளைக் கலைத்து, மறுபடியும் ஏறத்தாழ அதே பிரிவுகள் வரும்வரை பிரிக்க வைத்தார். பிரிவுகள் கூடக்கூட நினைவில் நின்ற சொற்களும் கூடின. மனப்பாடம் செய்யும்படி சொல்லப்பட்டவர்களும், வெறுமனே பிரிக்க மட்டும் சொல்லப்பட்டவர்களும் ஒரே அளவில் நினைவுகூர்ந்தார்கள். தலைகுனிந்து முணுமுணுப்பதைவிட, சீட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்ப்பது மேல் என்று மாணவர்களிடம் தயங்காமல் சொல்லலாம். அச்சிட்ட வகைப்பாட்டை அப்படியே விழுங்குவதில் இந்த வேலை நடப்பதில்லை.

பிரித்து முடித்ததும் செய்ய வேண்டிய இன்னொரு வேலை உண்டு. அதை அநேகமாக யாரும் சொல்வதில்லை. ஒரே கொத்தில் இருக்கும் சொற்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைக் குறிக்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் ஐன்ஸ்டைனும் (இவர் கில்ஸ் ஐன்ஸ்டைன், உளவியலாளர்) ரீட் ஹன்ட்டும் காட்டியது இது: உறவு ஏற்கெனவே கண்ணுக்குத் தெரிகிற பட்டியலில் மறுபடி உறவையே தேடுவதால் பெரிய லாபமில்லை, தனித்தன்மையைக் கவனிப்பதே உதவும். உறவு தெரியாத பட்டியலில் உறவைத் தேடுவது உதவும். சுத்தியல், ரம்பம், உளி, அரம் நான்கும் கருவிகள் என்பது யாருக்கும் தெரியும். சுத்தியல் அடிக்கும், ரம்பம் அறுக்கும், உளி செதுக்கும், அரம் தேய்க்கும் என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்தால்தான் நான்கும் தனித்தனியாக நிற்கும். அப்படிச் செய்யாதவர், படிக்காத 'கத்தரி'யையும் சேர்த்து எழுதிவிடுவார்.

தொகுப்பின் முதல் ஆபத்தும் அதுதான். ஜேம்ஸ் டீஸ் 1959இல் கண்டதை, ரோடிகர், மெக்டெர்மட் இருவரும் 1995இல் விரிவாகச் செய்து காட்டினார்கள். படுக்கை, ஓய்வு, களைப்பு, கனவு, குறட்டை, கொட்டாவி என்று தூக்கத்தோடு தொடர்புள்ள 15 சொற்களை வாசித்தார்கள். 'தூக்கம்' என்ற சொல் மட்டும் பட்டியலில் இல்லை. இப்படி அமைந்த பட்டியல்களில், அவர்களுடைய இரண்டாம் சோதனையில், வாசிக்கப்படாத மையச் சொல்லை 55 சதவீத வாய்ப்புகளில் 'கேட்டோம்' என்று எழுதினார்கள். அதை அவர்கள் ஊகமாக எழுதவில்லை. உறுதியாகக் கேட்ட நினைவோடு எழுதினார்கள். எனவே தொகுத்துப் படித்துவிட்டு எழுதிப் பார்ப்பவர் சரியானவற்றை எண்ணுவதோடு நிற்கக்கூடாது. பட்டியலில் இல்லாமல் உள்ளே நுழைந்த சொற்களையும் வட்டமிட்டு எண்ண வேண்டும். சட்டப் பிரிவுகள், மருந்துப் பெயர்கள், நோய் அறிகுறிகள் போன்றவற்றில் கூடுதலாக எழுதிய ஒன்று, விட்டுப்போன ஒன்றைவிடக் கெடுதல்.

இரண்டாவது ஆபத்து அயல்மொழி கற்பவர்களுக்கு. மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் ஏற்கெனவே தெரிந்த சொற்களைப் பற்றியவை. சொல்லும் பொருளும் முன்பே பிணைந்திருக்கும். புதிய மொழியில் சொல்லே புதிது. திங்க்கம் 1993இலும் 1997இலும், வாரிங் 1997இலும் செய்த ஆய்வுகளில், ஒரே வகையைச் சேர்ந்த புதுச் சொற்களை ஒன்றாகக் கற்பது, தொடர்பில்லாதவற்றைக் கற்பதைவிடக் கடினமாக இருந்தது. நிறங்களின் பெயர் முழுவதையும் ஒரே நாளில் கற்பவருக்கு எட்டுச் சொற்களும் நினைவிலிருக்கும். எது நீலம், எது மஞ்சள் என்பதில் குழப்பம் வரும். எதிர்ச்சொற்களில் இது இன்னும் மோசம். இடது, வலது இரண்டையும் ஒரே பாடத்தில் புகுத்தினால் குழப்பம் வெகுநாள் நீடிக்கும். ஒன்றை நன்றாக ஊன்றவிட்டு, சில நாள் கழித்து மற்றதைத் தர வேண்டும். அதே திங்க்கம் காட்டிய மாற்று வழியும் இருக்கிறது: வகையால் சேர்க்காமல் ஒரு காட்சியால் சேர்ப்பது. மழை, குடை, நனைவது, ஈரம், தும்மல் என்ற ஐந்தும் ஒரு நிகழ்வில் கூடி வருபவை. ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது. அதனால் மோதுவதில்லை. மொழிப் பாடநூல்கள் இன்றும் 'நிறங்கள்', 'உடல் உறுப்புகள்', 'கிழமைகள்' என்று அத்தியாயம் பிரிப்பது பாடநூல் எழுதுபவருக்கு வசதி. கற்பவருக்கு வசதியாக இருப்பது பின்னர், சொற்கள் தெரிந்தபிறகு திருப்பிப் பார்க்கும்போதுதான்.

மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஒரே வகைச் சொற்பட்டியல்களை அடுத்தடுத்துப் படித்தால் ஒவ்வொன்றிலும் நினைவு சரியும். வகையை மாற்றியதும் எழும். டெலோஸ் விக்கன்ஸ் 1960களில் தொடங்கிச் செய்த சோதனைகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டின. தாவரப் பெயர்களை மூன்று பட்டியல் படித்தால், நான்காவதாக வேறு ஏதாவது.

திருப்பிப் பார்க்கும்போது பெற்றோரும் நண்பர்களும் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு தவறு உண்டு. 'ஆறில் இரண்டு நான் சொல்கிறேன், மீதியைச் சொல்' என்று எடுத்துக்கொடுப்பார்கள். 1968இல் ஸ்லமெக்கா கண்டதும் பலர் பின்னர் உறுதிசெய்ததும் என்னவென்றால், பட்டியலின் ஒரு பகுதியைக் கொடுத்தால் மீதி வருவது எளிதாவதில்லை. பல நேரம் குறையவே செய்கிறது. கொடுத்த சொற்களே திரும்பத் திரும்ப முன்னால் வந்து நின்று மற்றவற்றை மறைக்கின்றன. தலைப்பை எடுத்துக்கொடுக்கலாம், உறுப்பினரை எடுத்துக்கொடுக்கக் கூடாது. தலைப்பும் தேர்வறையில் கிடைக்காது என்பதால், கடைசி ஒன்றிரண்டு சுற்றுகளை வெற்றுத்தாளில்தான் செய்ய வேண்டும்.

வகுப்பில் இதைச் சோதித்துக் காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில விவரங்கள். 16 சொற்கள் போதும்: நான்கு வகை, வகைக்கு நான்கு. எடுத்துக்காட்டாக கிளி, பருந்து, மயில், கொக்கு; சுத்தியல், ரம்பம், உளி, அரம்; முழங்கை, தாடை, நெற்றி, குதிகால்; மிதிவண்டி, கப்பல், ரயில், விமானம். இவற்றைக் கலைத்து, ஒரே வகைச் சொற்கள் இரண்டு அடுத்தடுத்து வராதபடி வரிசைப்படுத்துங்கள். மூன்று நொடிக்கு ஒரு சொல் என்று சீரான குரலில் வாசியுங்கள். முடிந்த உடனே எழுதச் சொன்னால் கடைசி நான்கைந்து சொற்கள் காதில் ஒலித்துக்கொண்டிருப்பதால் அவற்றை முதலில் கொட்டிவிடுவார்கள், தொகுப்பு மறைந்துவிடும். ஆகவே நடுவில் அரை நிமிடம் 200இலிருந்து மூன்று மூன்றாகப் பின்னோக்கி எண்ண வையுங்கள். பிறகு இரண்டு நிமிடம் எழுத நேரம். ஒரே நெடுவரிசையில், வருகிற வரிசையில், திரும்பிப் போய் இடையில் செருகாமல் எழுத வேண்டும் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். வரிசை கலைந்தால் கணக்கிட எதுவும் மிஞ்சாது.

சொல் தேர்வில்தான் பெரும்பாலான வகுப்புச் சோதனைகள் கெடுகின்றன. ஆறு, மாலை, திங்கள் போன்ற இருபொருள் சொற்கள் வேண்டாம். வாசிப்பவர் நதியை நினைக்க, கேட்பவர் எண்ணை நினைப்பார். ஒவ்வொரு வகையிலும் சட்டென்று எல்லோர் வாயிலும் வரும் முதல் இரண்டு மூன்று பெயர்களைத் தவிர்க்க வேண்டும். பட்டியலில் காகம் இருந்தால், அதைக் கேட்காதவரும் 'பறவை' என்றதும் காகம் என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார். எவை அப்படிப்பட்டவை என்று அறிய ஆங்கிலத்தில் பாட்டிக், மான்டேக் 1969இல் 56 வகைகளுக்குத் தொகுத்த பட்டியல் உண்டு. அதை மொழிபெயர்த்துப் பயன்படுத்துவது வீண். வேறொரு வகுப்பில் ஒவ்வொரு வகைக்கும் 30 நொடி கொடுத்து, தோன்றும் பெயர்களை எழுதச் சொல்லி எண்ணிக்கொண்டால் நமக்கான பட்டியல் கிடைத்துவிடும். தொகுப்பில்லாத பட்டியலோடு ஒப்பிடுவதானால் அதிலும் இதே அளவு பழக்கமான, இதே நீளமுள்ள சொற்கள் இருக்க வேண்டும். வகுப்பில் பாதிப்பேர் இந்தப் பட்டியலை முதலிலும், பாதிப்பேர் அதை முதலிலும் செய்ய வேண்டும்.

கணக்கும் கடினமில்லை. ஒரு மாணவி இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: கிளி, மயில், பருந்து, சுத்தியல், ரம்பம், கப்பல், ரயில், விமானம், உளி, நெற்றி, தாடை. மொத்தம் 11. ஒரே வகைச் சொற்கள் அடுத்தடுத்து வந்த இடங்களை எண்ணினால் 6. இனி, தற்செயலாகவே எத்தனை வந்திருக்கும்? வகைவாரியாக அவள் எழுதிய எண்ணிக்கை 3, 3, 3, 2. ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கிக் கூட்டினால் 31. அதை 11ஆல் வகுத்து ஒன்றைக் கழித்தால் சுமார் 1.82. அதிகபட்சம் எத்தனை வர முடியும்? 11இலிருந்து வகைகளின் எண்ணிக்கை 4ஐக் கழித்தால் 7. இப்போது 6இலிருந்து 1.82ஐயும், 7இலிருந்து 1.82ஐயும் கழித்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.81. ரோன்கரும் உடன் ஆய்வாளர்களும் 1971இல் தந்த அளவு இது. 1 என்றால் முழுத் தொகுப்பு, 0 என்றால் தற்செயல், அதற்குக் கீழே போனால் வேறு ஏதோ வரிசையில் எழுதியிருக்கிறார் என்று பொருள். இருமுறை எழுதிய சொல்லையும் பட்டியலில் இல்லாத சொல்லையும் கணக்கிடும் முன் நீக்கிவிட வேண்டும். ஐந்தாறு சொற்களுக்குக் கீழே எழுதியவர்களின் தாளில் இந்த எண் தறிகெட்டு ஆடும். அவற்றைச் சராசரியில் சேர்க்காமலிருப்பது நல்லது.

மதிப்பெண்ணோடு இந்த எண்ணையும் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. இருவர் 11 சொற்களே எழுதியிருக்கலாம், ஒருவருக்கு 0.81, மற்றவருக்கு 0.1. முதலாமவருக்கு வழி தெரிந்திருக்கிறது. இரண்டாமவர் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். பட்டியல் 40 சொல்லாக நீண்டால் அவர்தான் முதலில் திணறுவார். மருத்துவ உளவியலாளர்களின் நினைவுச் சோதனைகள் சிலவும் இதே 16 சொல், நான்கு வகை அமைப்பில்தான் இருக்கின்றன. எத்தனை சொற்கள் வந்தன என்பதோடு எந்த வரிசையில் வந்தன என்றும் அவர்கள் குறித்துக்கொள்வது இதனால்தான். சின்னக் குழந்தைகள் இந்தத் தொகுப்பைத் தாமாகச் செய்வது குறைவு. படங்களைக் கலைத்துக் கொடுத்தால் கலைந்தபடியே மனப்பாடம் செய்வார்கள். வகைப்படுத்தச் சொல்லிக் கொடுத்தால் செய்வார்கள். எனவே ஆரம்ப வகுப்புகளில் குறைந்த எண்ணைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை.

தங்கள் மாணவர் பக்கத்திலேயே உடனே செய்யக்கூடிய மாற்றங்கள் சில உண்டு. பொது அறிவுப் பட்டியல்களை 25, 30 என்று எண் போட்டு நெடுக அச்சிடாமல், ஐந்தைந்தாகத் தலைப்பிட்டுப் பிரித்து வெளியிடலாம். பட்டியலின் மேலேயே 'ஆறு தலைப்புகள்' என்று எண்ணிக்கையைக் குறிப்பிடலாம். வாரம் ஒருமுறை, முந்தைய வாரப் பட்டியலின் தலைப்புகளை மட்டும் போட்டு, கீழே வெற்று வரிகள் விட்டு அச்சிடலாம். அயல்மொழிச் சொற்கள் கற்பிக்கும் பகுதியில் ஒரே வகைப் பெயர்களை ஒரே நாளில் குவிக்காமல், ஒரு காட்சிக்குள் வரும் நாலைந்து சொற்களாகக் கொடுக்கலாம். விடைகளை அதே பக்கத்தின் அடியில் தலைகீழாகப் போடும் வழக்கத்தை விட்டு, மறுநாள் இதழுக்குத் தள்ளிவைத்தால் இன்னும் நல்லது. கண் விடையின் பக்கம் ஓடிவிட்டால் வெற்று வரிகளுக்கு வேலையில்லை.

இப்படிக்கு,
சோதனை உளவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள்